நெற்றியில் ஒட்டிய லாகோஸ்

ஒரே ஒரு ஊரில் சில வருடங்கள் குடியிருந்துவிட்டு வந்து, மிச்சமுள்ள உலகம் முழுவதையும் அந்த ஊராக மாற்றியே தீருவது என்று கிளம்பிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் தேனியில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மாடி அறையில் குடியிருக்கிறார். வேறு எந்தத் தெருவிலாவது இருந்திருந்தால் என் ரத்தக் கொதிப்பு இந்த அளவுக்கு ஏறியிருக்காது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில்கூட 'லாகோஸ்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். இங்கே நூற்பாலையில் பிட்டராக இருந்தவர். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா என்ற தேசத்தில், கடலோரத்தில் லாகோஸ் என்று ஒரு பெரிய பட்டணம். அங்கே பம்பாய்க்காரர்கள் யாரோ ஜவுளி மில் வைத்து ஆள் எடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் அட்லஸை விரித்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இவர் அட்லஸைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரப்பெட்டியும், தலையில் ஒரு பக்கமாகச் சரிந்த துணித் தொப்பியும் இருந்தன. பெட்டியில் துணிமணி கொஞ்சம்தான். மிச்சத்தை எல்லாம் வாயில் கொண்டுவந்திருந்தார். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் தோட்டங்களில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது அவருக்குத் தொழிலானது. சுருளிப்பட்டியில் மோட்டார் நின்றாலும் பண்ணைப்புரத்தில் நின்றாலும் அவர்தான் போவார். மோட்டார் ஓடத் தொடங்கும்; அவர் வாய் மட்டும் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் அதிர்ச்சி, அவர் வந்த மறு வாரமே தெருவுக்குக் கிடைத்தது. லாகோஸ் மக்கள் வணக்கம் என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுகிறவர்கள் இல்லையாம்.

"வேலை செய்றவுகளுக்கு ஒரு வாழ்த்து, சந்தையில நிக்கிறவுகளுக்கு ஒரு வாழ்த்து, சும்மா உக்காந்திருக்கிறவுகளுக்கும் ஒரு வாழ்த்து உண்டு மதினி. யார் என்ன செய்றாகளோ அதப் பாத்து வாழ்த்திட்டுத்தான் தாண்டிப் போகணும். பாத்தும் பாக்காத மாதிரி போனா அது பெரிய அவமரியாத."

என்னை அவர் மதினி என்றுதான் அழைப்பார். என் கணவரை அண்ணே என்பார். எங்கள் இரும்புக்கடை வாசலில் தினமும் ஒரு மணி நேரம் நிற்பதால் வந்த உறவு அது.

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலிருந்து அதை நடைமுறைப்படுத்தினார். தண்ணீர் எடுக்கும் பெண்களைப் பார்த்து, "தண்ணி எடுக்கீகளா, நல்லா எடுங்க" என்றார். சவரக் கடையில் கழுத்தில் கத்தியோடு அசையாமல் இருந்தவரிடம், "சவரம் நடக்குதா, நல்லாருங்க" என்றார். அவர் தலையாட்டப் போய்க் காதோரம் ரத்தம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, விடிந்தும் விடியாத நேரத்தில் வாய்க்கால் ஓரமாகச் செம்போடு ஒதுங்கியிருந்த ஒரு கமிஷன் மண்டிக்காரரைத் தேடிப் போய், புதரை விலக்கி, "உக்காந்திருக்கீகளாண்ணே, நல்லா உக்காருங்க" என்று வாழ்த்தியிருக்கிறார். அந்த மண்டிக்காரர் அதற்குப் பிறகு எங்கள் தெரு வழியாக வரவே இல்லை. அவர் மகன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகையும் வரவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. லாகோஸில் யாராவது கால் இடறினாலோ, பொருளைத் தொலைத்தாலோ, பக்கத்தில் நிற்பவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அவர் ஒன்றும் செய்திருக்க வேண்டியதில்லை. பார்த்திருந்தாலே போதும். என் கணவர் கடையில் ஒரு நாள் எடைக்கல்லைக் காலில் போட்டுக்கொண்டார். எதிர் வரிசையிலிருந்து ஓடிவந்த லாகோஸ், "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று கை கூப்பினார்.

வலியோடு என் கணவர் கேட்டார். "நீ என்னப்பா செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல."

"பின்ன எதுக்கு மன்னிப்பு?"

"உங்களுக்கு வலிக்குதுல்ல."

என் கணவர் காலைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அதே மாதம் பக்கத்துப் பாத்திரக்கடையில் பூட்டை உடைத்துக் களவு போய்விட்டது. காலையில் கடைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். போலீஸ்காரர்கள் வந்து நிற்கிறார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு லாகோஸ் உள்ளே போய், எல்லோருக்கும் கேட்கும்படி, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றார். அடுத்த நிமிடம் அவர் சட்டைக் காலர் ஒரு ஏட்டையாவின் கையில் இருந்தது.

விடுவிக்கப் போன என் கணவர் வந்து சொன்னதை அப்படியே தருகிறேன். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார்.

"எதுக்குய்யா மன்னிப்புக் கேட்ட?"

"அவுக பொருள் போச்சுல்ல சார்."

"நீ எடுத்தியா?"

"இல்ல சார்."

"எடுக்காதவன் எதுக்குக் கேக்கணும்?"

"எடுத்தவன் வந்து கேக்க மாட்டான்ல சார். யாராச்சும் ஒருத்தர் கேக்கணும்ல."

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகு நேரம் மின்விசிறியைப் பார்த்தாராம். பிறகு, "இந்த ஆளைக் கூட்டிட்டுப் போங்க" என்று எழுந்தவர் மேசை முனையில் முழங்காலை இடித்துக்கொண்டார். லாகோஸ் வாயைத் திறந்தார். என் கணவர் அந்த வாயைப் பொத்தி வெளியே இழுத்து வந்தார். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது என் கணவருக்கு வேர்க்கும்.

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தாலும் லாகோஸ் உட்கார மாட்டார். லாகோஸில் மஞ்சள் வேன்கள் ஓடுமாம். அதில் கண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டே ஊர்ப் பெயரைக் கூவுவாராம். இவரும் வாசலில் தொங்கி, "வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்" என்று பாட்டு மாதிரி இழுப்பார். பயணிகள் இவரைக் கண்டக்டர் என்று நினைத்துக் காசை நீட்டுவார்கள். நிஜக் கண்டக்டர் ஒருவர் ஒரு முறை விசிலை இவர் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே பாத்துக்கங்கய்யா" என்று கடைசி இருக்கையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த ஊரைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து நிற்பார்கள்.

"ஊரே பாதி தண்ணிக்குள்ள கிடக்கு. தீவு ஒரு பக்கம், கரை ஒரு பக்கம், நடுவுல பாலம். காலையில கரையில இருக்கிற சனம் அம்புட்டும் தீவுக்கு வேலைக்குப் போகும். சாயங்காலம் அம்புட்டும் திரும்பும். பாலத்துல ஏறலாம். எறங்குறது ஆண்டவன் சித்தம். வண்டிக நின்னுச்சுன்னா நின்னதுதான். அதுக்கு 'கோ-ஸ்லோ'ன்னு பேரு. நின்ன எடத்துல சந்தை கூடிரும். ரொட்டி, கைக்கடியாரம், கோழி, பாய், மருந்து, கண்ணாடி, எல்லாம் சன்னல்கிட்ட வரும். ஒருத்தன் வெறுங்கையோட வீட்ட விட்டுக் கிளம்பி, பாலத்த விட்டு எறங்குறதுக்குள்ள குடித்தனச் சாமான் பூராம் வாங்கிட்டான். பொண்ணு மட்டுந்தான் பாக்கி. அதுவும் பக்கத்து வண்டியில இருந்துச்சு."

"கல்யாணம் ஆச்சா?" என்று என் கணவர் கேட்டார்.

"அடுத்த பாலத்துல."

இப்படிச் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்த லாகோஸ் பட்டணம் ஒரு நாள் என் வீட்டுக்குள் வந்து இறங்கியது. எங்கள் ஒரே மகள் செல்விக்குப் போடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஏலக்காய் வியாபாரக் குடும்பம். நல்ல மனிதர்கள். பையன் கணக்கு வாத்தியார். எங்கே வேலை என்று கேட்டேன்.

லாகோஸில்.

எனக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் நம் பக்கத்துப் பட்டதாரிகள் பலர் நைஜீரியாவுக்கு வாத்தியார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியும். அதில் ஒருவர் என் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வருவார் என்பதுதான் தெரியாது. செல்வி பி.எஸ்ஸி. படித்தவள். அவளுக்கும் அதே பள்ளியில் அறிவியல் சொல்லித் தரும் வேலை தயாராக இருக்கிறது என்றார்கள். அவள் முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆனது. எனக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் சம்மதித்தோம். சம்மதித்த நாளிலிருந்து, எப்படியாவது அந்தப் பயணம் மட்டும் நின்றுபோக வேண்டும் என்று வீரபாண்டி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

தினமும் சாயங்காலம் லாகோஸைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பேன். ஆறுதல் சொல்வது எப்படி என்பது அந்த மனிதருக்குத் தெரியவே தெரியாது.

"அங்க திருட்டுப் பயம் உண்டா?"

"உண்டு மதினி. ஒளிச்சுச் சொல்ல மாட்டேன். பட்டப்பகல்லயே வருவாக. ஆனா திருடன்னு ஒருத்தன் கத்தினா போதும், தெருவே எந்திரிச்சு வெரட்டும். இங்கன மாதிரி கதவச் சாத்திட்டு சன்னல் வழியா பாக்க மாட்டாக."

"பாம்பு?"

"மேகமலையில இருக்கிறதுல கால்வாசி கூட இல்ல. அதுகளும் ரோட்டத் தாண்ட முடியாம ஓரமா நிக்கும்."

"கரண்டு?"

"அடிக்கடி போகும். ஆனா திரும்பி வரும்போது ஊரே ஒரே கொரல்ல ஒரு சத்தம் போடும் பாருங்க, அந்தச் சத்தத்தக் கேக்கிறதுக்காகவே கரண்டு போகலாம்."

"சாப்பிட என்ன கிடைக்கும்?"

"கப்பைக்கிழங்க ரவை மாதிரி வறுத்து வச்சிருப்பாக. வெந்நி ஊத்திக் கிண்டினா களி. குமுளிக்குப் போனா சாப்பிடுறோம்ல, அதே கிழங்குதான். நேந்திரம்பழத்தப் பொரிச்சுத் தருவாக. காரம் மட்டும் கொஞ்சம் தூக்கல். நம்ம சனமே கண்ணுல தண்ணி விடும்."

"அந்தச் சனங்க எப்படி?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"ஓயாமப் பேசுவாக. தூரத்துல பாத்தா சண்டை மாதிரி இருக்கும், கிட்டப் போனா சிரிச்சுக்கிட்டிருப்பாக. சந்தை பூராம் பொம்பளைக கையில. நம்ம பஜார்ல இருக்கிற பெரிய பெரிய மொதலாளி எல்லாம் அவுக முன்னால கைகட்டி நிக்கணும், அம்புட்டு யாவாரம். எடது கையால எதையும் நீட்டிராதீக, கோவம் வந்துரும். அதுல நம்மள மாதிரியேதான். பெரியவுகளக் கண்டா ஆம்பளைக தரையில நெடுக விழுந்து கும்பிடுவாக." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இங்கன என் சம்சாரம் செத்துப்போனப்ப எனக்குத் தந்தி வந்துச்சுல்ல மதினி. பிளைன் ஏறி வந்து சேர முடியாது. ரூமுல உக்காந்திருந்தேன். நான் குடியிருந்த வளவுல இருந்த சனம் ஒவ்வொருத்தரா வந்து மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டு உக்காந்துக்கிட்டாக. எடமில்லாம படிக்கட்டுல உக்காந்தாக. அவுக என்ன செஞ்சாக பாவம். ஆனா கேட்டாக."

உள்ளே சமையலறை வாசலில் செல்வி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நெருங்கியது. லாகோஸுக்குக் கை கால் ஓடவில்லை. அங்கே ஒரு கல்யாணம் என்றால் பெண் வீட்டார் அத்தனை பேரும் ஒரே துணியில் உடுத்தி வருவார்களாம். "நம்ம சனம் அம்புட்டுக்கும் ஒரே துணி எடுத்துருவோம் மதினி" என்று என் பின்னாலேயே அலைந்தார். எங்கள் பெரிய மாமியாரையும் சரக்குப் பிடிக்க வரும் லாரி டிரைவரையும் ஒரே பூப்போட்ட துணியில் கற்பனை செய்து பார்த்தேன். முடியாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன்.

மொய் எழுத ஏற்பாடு செய்வதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "மேசை போட்டு, மைக்குல பேரச் சொல்லி வாங்குறதா சந்தோசம். அங்கன எப்படிச் செய்வாக தெரியுமா," என்று தொடங்கினார். பந்தல்காரர் வந்துவிட்டதால் நான் எழுந்து போய்விட்டேன். நின்று கேட்டிருந்தால் என் ஆயுளில் சில வருடங்கள் மிச்சமாகியிருக்கும்.

கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசலில் வெளிர்நீலத்தில் ஏதோ பெரிதாக அசைந்து வந்தது. காற்றில் பந்தல் துணி அவிழ்ந்துகொண்டு வருகிறது என்று சமையல்காரர் ஒருவர் பிடிக்க ஓடினார். அது துணி இல்லை. லாகோஸ். தோளிலிருந்து கணுக்கால் வரை தொங்கும் அந்த ஊர் அங்கி. இரண்டு கைகளையும் விரித்தால் உள்ளே ஒரு குடும்பம் குடியிருக்கலாம்.

நாதஸ்வரத்துக்கு ஏற்றபடி தோளைக் குலுக்கிக் குலுக்கி, மெல்ல ஆடிக்கொண்டே மேடை ஏறினார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கையில் புத்தம் புதிய பத்து ரூபாய் நோட்டுகள். வரவேற்பு மேசையிலிருந்து எடுத்து வந்த பன்னீர்ச் செம்பில் ஒரு நோட்டின் முனையைத் தொட்டார். நனைந்த நோட்டை என் மகளின் நெற்றியில், குங்குமத்துக்கு மேலே, அழுத்தி ஒட்டினார். இரண்டாவது நோட்டை அதன் பக்கத்தில் ஒட்டினார்.

நாதஸ்வரம் பாதி மூச்சில் நின்றது.

நம் ஊரில் நெற்றியில் காசு எப்போது வைப்போம் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குளிப்பாட்டி, கோடித் துணி போர்த்தி, எல்லோரும் கடைசியாக முகம் பார்க்கும்போது வைப்பது அது. என் மகள் மாலையும் கழுத்துமாக, நெற்றியில் காசோடு, மணவறையில் உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் அந்த நேரம் அப்பளம் பொரியும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

முதலில் குரல் வந்தது சம்பந்தியம்மாவிடமிருந்து.

"அடப் பாவி மனுசா. உசுரோட இருக்கிற புள்ளைக்கு நெத்திக்காசு வச்சுட்டியே."

லாகோஸின் கை மூன்றாவது நோட்டோடு அந்தரத்தில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். நூற்பாலைக்காரர், தேனியில் பிறந்து வளர்ந்தவர், தன் சம்சாரத்துக்கு அதே காசு வைக்கக்கூடக் கொடுத்து வைக்காதவர். அந்தக் கணத்தில்தான் அவருக்கு நம் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. அதுவரை அவர் நின்றிருந்த ஊரே வேறு.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். "அம்மா, அவர் தப்பா ஒண்ணும் செய்யல. அங்க கல்யாணத்துல இப்படித்தான் செய்வாக. ஆடுறவுக நெத்தியில நோட்ட ஒட்டுவாக. பெரிய மரியாதை அது. நானே பாத்திருக்கேன்."

உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். சம்பந்தியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"பொணத்துக்குச் செய்றத மணப்பொண்ணுக்குச் செய்ற ஊரா அது. அப்ப நீயும் அங்க போக வேணாம், அவளும் வர வேணாம். கழுதை, ஏலக்காய்க் கடையப் பாத்துக்கிட்டுப் போடியிலயே கிட. இனி இந்தப் பேச்சே கிடையாது."

பெரியவர்கள் தலையாட்டினார்கள். சகுனம் பேசிவிட்டது, இனி கடல் தாண்டக் கூடாது என்று யாரோ சொன்னார். எத்தனையோ வாரங்களாக நான் மாரியம்மனிடம் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான். இந்த வார்த்தைதான். அது நிஜமாகவே வந்து என் முன்னால் நின்றபோது, நான் செல்வியைப் பார்த்தேன். அவள் நெற்றியில் இருந்த நோட்டுகளை எடுக்கவில்லை. அழவும் இல்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவுக்காகக் காத்து நிற்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.

தொப்பென்று ஒரு சத்தம். லாகோஸ் சம்பந்தியம்மாவின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருந்தார். அந்த நீல அங்கி மேடை முழுவதும் பரவிக் கிடந்தது.

"ஐயையோ, இந்த ஆளே போயிட்டாரா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போகல," என்று தரையிலிருந்து பதில் வந்தது. முகத்தை நிமிர்த்தாமலே பேசினார். "ஆத்தா, எனக்குப் புள்ள குட்டி கிடையாது. இந்தப் புள்ளைக்கு ஒரு நல்லது செய்யணும்னு வந்தேன். கெட்டது செஞ்சுட்டேன். தோசம்னா அது எனக்கு வரட்டும். அந்த நோட்ட எடுத்து என் நெத்தியில ஒட்டுங்க. சாவுன்னா என்னைத் தேடி வரட்டும். அவுக ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும்."

எழுந்து மண்டியிட்டு உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நெற்றியைக் காட்டினார்.

சம்பந்தியம்மா குனிந்து அவர் நெற்றியைப் பார்த்தார். அவர் கோபக்காரர்தான், கல் நெஞ்சுக்காரர் இல்லை. "எடுத்து ஒட்டினா தோசம் மாறும்தான்," என்றார். "ஆனா யாரு ஒட்டுறது? உசுரோட இருக்கிற மனுசனுக்கு எவ கை வைப்பா?"

ஒருவரும் அசையவில்லை. எல்லோருக்கும் குடும்பம் இருக்கிறது, பயம் இருக்கிறது. நான் சும்மா நின்றிருந்தாலே போதும். என் மகள் போடியில் இருப்பாள். பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பாலம் இல்லை, திருடன் இல்லை, விமானம் இல்லை. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஏலக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருப்பாள். அவள் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மேடை ஏறினேன். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் மகளின் நெற்றியிலிருந்து அந்த இரண்டு நோட்டுகளையும் உரித்தேன். குங்குமம் பட்டுச் சிவந்திருந்தன. ஒன்றை லாகோஸின் நெற்றியில் வைத்தேன். கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன். மறுபடி விழுந்தது.

"பன்னீரத் தொட்டு ஒட்டுங்க மதினி," என்றார் அவர், கண்ணை மூடியபடியே. "காஞ்சுபோச்சு."

பன்னீர் தொட்டு ஒட்டினேன். நின்றது. அடுத்ததையும் ஒட்டினேன். பிறகு அந்த மனிதரின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

கண்ணைத் திறந்தார். "இப்படி மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஒட்டினா அது சாவுக்காசுதான். ஆடிக்கிட்டே ஒட்டணும்," என்று எழுந்தார். நாதஸ்வரக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவரும் பாவம், பாதியில் விட்ட மூச்சை எங்கேயாவது விட்டாக வேண்டுமே, வாசிக்கத் தொடங்கிவிட்டார். நெற்றியில் இரண்டு நோட்டுகளோடு, நீல அங்கி சுழல, லாகோஸ் மணமேடையில் ஆடினார். மாப்பிள்ளை முன்னால் வந்து ஒரு நோட்டை ஒட்டினார். என் கணவர், கல்யாண வீட்டில் கைக்குட்டையைக்கூட உதறாதவர், எடைக்கல் விழுந்த காலோடு நொண்டிக்கொண்டே ஒரு சுற்று ஆடி, தன் பங்குக்கு ஒன்றை ஒட்டினார். கடைசியாகச் சம்பந்தியம்மா வந்தார். மடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டு, அவர் நெற்றியில் அறைந்த மாதிரி ஒட்டினார்.

"நல்லா ஒட்டிக்கிட்டுப் போ," என்றார். பிறகு மகனைப் பார்த்து, "போயிட்டு, வருசா வருசம் வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகணும். அங்க யாராச்சும் என் மருமக நெத்தியத் தொட்டாக, நானே பிளைன் ஏறி வந்துருவேன்," என்றார்.

அவர்கள் போனார்கள். நான் மதுரை விமான நிலையத்தில் அழுத அழுகையைப் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து யார் இறந்தது என்று விசாரித்தார். செல்வி அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். போன சித்திரையில் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். சந்தையில் மீன் விற்கும் ஒரு பெரிய அம்மாள் அவளை மகள் என்று உரிமை கொண்டாடிக்கொண்டு, இளைத்துவிட்டாய் என்று தினமும் திட்டுகிறாராம். கேட்டதும் எனக்கு அந்த அம்மாள் மேல் கொஞ்சம் பொறாமையும் நிறைய நிம்மதியும் வந்தன.

ஆனால் தெருவின் கவலை அதோடு முடியவில்லை. தோஷம் லாகோஸிடம் போய்விட்டது அல்லவா. அது எப்போது வேலையைக் காட்டும் என்று ஊரே காத்திருந்தது. டீக்கடைக்காரர் காலையில் கடை திறந்ததும் மாடியைப் பார்ப்பார். பால்காரர், "ஏலே, லாகோசு எந்திரிச்சாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றுவார். அவருக்கு இன்சூரன்ஸ் போட்டிருந்த ஏஜெண்டு வாரம் ஒரு முறை வந்து வேர்த்துவிட்டுப் போனார்.

அவர் என்னவோ இதை ஒரு பதவி உயர்வு மாதிரி அனுபவித்தார். "சாகப்போறவன் மதினி, ஆட்டுக்கால் சூப்பு வச்சுத் தரக் கூடாதா?" என்று கேட்பார். சந்தையில் வடுகபட்டிப் பூண்டுக்காரியிடம், "நாளைக்கு இருப்பனோ மாட்டனோ, வெலையக் கொறச்சுப் போடு" என்பார். அவளும் பயந்து குறைத்துவிடுவாள். அடுத்த வாரமும் அதே முகம் அதே வசனத்தோடு வந்து நிற்கும்.

ஒரு முறை அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான் எங்கள் வீட்டு அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். ஒட்டியது என் கை. முதல் நோட்டு நான் வைத்தது. டாக்டரைக் கையோடு கூட்டிவந்து, ரசம் வைத்து, கஷாயம் வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்றார். "நல்லாப் பாருங்க டாக்டர்" என்று மூன்று முறை சொன்னதில் அவருக்கே சந்தேகம் வந்து மறுபடி குழாயைக் காதில் மாட்டினார்.

லாகோஸ் போர்வைக்குள்ளிருந்து, "மன்னிச்சுக்கங்க மதினி," என்றார்.

"நீங்க என்ன செஞ்சீக?"

"பயந்துட்டீகள்ல."

வருடங்கள் ஓடிவிட்டன. மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நெற்றியில் காசு வாங்கிக்கொண்டு இத்தனை காலம் நடமாடும் ஆள் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. தினமும் விடிகிற நேரத்தில் மாடி அறையில் வாய் கொப்பளிப்பார். தோட்டத்து மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் வருமே, அப்படி ஒரு சத்தம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திட்டுகிறார்கள். நான் அதற்கு முன்பே எழுந்து, அடுப்படி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.